கரண்டு ஜெபமாலையும் கரைவலைக் கயிறும்

கரண்டு ஜெபமாலை பரமக்குடியில் செருப்படி வாங்கிய கதையைப் பாக்கர் எத்தனை தடவை சொன்னாலும் ஜோதிமேரிக்கு அலுக்காது.

வைகை மணலில் மேடை. தோளில் மின்சாரக் கிதார், ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு பானை என்று ஜெபமாலை வந்து நின்றான். பானையில் கடல்தண்ணீர். கடல் இல்லாத ஊரில் தனக்குச் சுருதி நிற்காது என்று சொல்லி அதை மேடையில் கொட்டினான். அன்றைக்கு அடித்த ஷாக்கில்தான் கரண்டு என்று பெயரே வந்தது என்பாரும் உண்டு. பக்திப் பாட்டுக்கு வந்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. ஜெபமாலை அதை எடுத்துத் தன் வெறுங்காலில் மாட்டிக்கொண்டான். "நன்றி. இந்தக் கால்தான் சும்மா கிடந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தான் ராக் அன் ரோலை. கடைசிப் பாட்டுக்கு முன்வரிசையில் குதித்து ஆடியவன் ஒரு காலில்தான் செருப்பு போட்டிருந்தானாம்.

அறுபத்து மூன்றாம் வருஷம். பாம்பனுக்குப் பக்கத்தில், அக்காள்மடத்தில் பாக்கரின் வாடகை சைக்கிள் கடைக்குப் பின்கட்டில்தான் இந்தக் கச்சேரி மகாநாடு நடக்கும். மூன்றே ரசிகர்கள். ஒருவன் பாக்கர்; கீழக்கரை, தூத்துக்குடி என்று ஜெபமாலை போகும் இடமெல்லாம் சைக்கிளிலோ லாரியிலோ பின்னால் போனவன். அவன் தங்கை மலிகா, வாரப் பத்திரிகையில் வந்த பேட்டிகளை மனப்பாடமாக ஒப்பிப்பவள். ஜோதிமேரி, கடற்கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுப்பவள். ஜெபமாலைக்கும் அதே ஊர்தான் என்றாலும், அவன் ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷமானதால் அவனை அவள் பார்த்ததே இல்லை. ரேடியோவில் கேட்டதோடு சரி.

மலிகாவுக்கு ஒரு குறை. மனுஷன் பேட்டிக்குப் பேட்டி பொய் சொல்கிறான். குரு யாரென்று கேட்டால் பாம்பன் பாலத்தில் போகும் ரயில் என்கிறான். இன்னொரு பூட்ஸ் எங்கே என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், தலைமன்னாரில் இருக்கிறது, கரைக்கு ஒன்று என்கிறான். ஊர் ஊராகப் போகிறீர்களே, சொந்த ஊரில் ஏன் வாசிப்பதில்லை என்று கேட்டதற்கு, அதற்கு இன்னும் தனக்கு வயசு வரவில்லை என்றான்.

போன வாரம் கொழும்பு ரேடியோவில் வந்த பேட்டிதான் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டது.

"நான் வாசிக்கிறது எல்லாமே எங்க ஊரு அம்பாப் பாட்டுத்தான். ராக் அன் ரோலுன்னு பேரு வச்சது நீங்க. இந்த அந்தோணியார் திருவிழாவுக்கு எங்க ஊர்லயே வாசிக்கப் போறேன்."

அம்பா என்பது வலை இழுக்கிறவர்கள் கால் மாற்றி, கை மாற்றிச் சேர்ந்து பாடுகிற பாட்டு. அந்தக் கரையில் அதற்கு ஒரு கட்டு உண்டு. கையில் கயிறு இல்லாமல் அம்பா பாடக்கூடாது. சும்மா இருக்கிற வாய் பாடினால் மீன் விலகிப் போய்விடும். தாலாட்டாகக்கூட எவளும் பாடமாட்டாள்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வியாகுலம் கொதித்துப்போனார். திருவிழாக் கமிட்டியும் அவர்தான். மேடை கிடையாது என்றார். அதோடு விட்டாரா? அந்தப் பயல் பாட்டை எவன் எவள் நின்று கேட்டாலும் மறுநாள் முதல் கயிற்றைத் தொடக்கூடாது என்று கோயில் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்.

வியாகுலம், ஜோதிமேரியின் அய்யாவுக்கு அண்ணன். அய்யா கடலோடு போனபின் அவளும் அம்மாவும் சாப்பிடுவது அந்தக் கயிற்றிலிருந்துதான். கயிறு போனால் அடுப்பு போச்சு.

"இதுவும் பொய்யாத்தான் இருக்கும். ஒரு பொய்க்காக நீ ஏன்டீ கயித்த விடப்போறே?" என்றாள் மலிகா.

"இது பொய்யில்ல. அவரு தட்டுற தாளம் என் காலுக்குத் தெரியுது" என்றாள் ஜோதிமேரி.

மறுநாள் மாலை ஜெபமாலை ரயிலில் வந்து இறங்கினான். சம்மாட்டியின் ஆட்கள் ஸ்டேஷனிலேயே வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜோதிமேரியும் பாக்கரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் அடுத்த ரயிலுக்காகப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். ஒற்றைப் பூட்ஸ். காலிப் பானை. ரேடியோவில் கேட்டதைவிடக் குரல் சின்னதாக இருந்தது.

"ஊரு வேணாங்குது தாயி. நான் தலைமன்னாருக்குப் போயி இன்னொரு பூட்ஸத் தேடுறேன்."

ஜோதிமேரிக்குக் கோபம் வந்துவிட்டது. பறந்து வந்த செருப்பை எடுத்துக் காலில் மாட்டியவன் இவன்தானா?

"கயிறு இல்லாமத்தானே பாடக்கூடாது? நாளைக்கு விடியவும் எங்க வலை இழுப்பு. கயிறு இருக்கு. வாரீகளா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காய்த்துப்போன உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு பானையை எடுத்துத் தண்டவாளத்தில் போட்டு உடைத்தான்.

"எனக்கு வயசு வந்துருச்சு போலருக்கு."

ஒலிபெருக்கிக்கு லாரி பாட்டரி கேட்டு வாங்கப் பாக்கர் ஓடினான்.

விடிந்தது. படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தது. இரண்டு கயிறு, இரண்டு வரிசை. வடக்கு வரிசையின் வால்பக்கம் பனியன் போட்ட புது ஆள் ஒருவன், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கழுத்தில் கிதாருடன் நின்றான். பின்னால் மணலில் பாட்டரி, ஒலிபெருக்கி, பாக்கர்.

முதல் இழுப்புக்கே கிதார் முழங்கியது. கடற்காக்கை அத்தனையும் எழும்பிப் பறந்தது. இழுத்தவர்களின் கால் தானாக மாறியது. ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்தார்கள்.

வியாகுலம் ஓடிவந்தார். இழுப்பை நிறுத்தச் சொன்னார். எப்படி நிறுத்துவது? வலை தண்ணீரில் கிடக்கிறது. ஒரு பக்கம் விட்டால் மொத்தமும் முறுக்கிக்கொண்டு போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

"ஏலே, கயித்த விட்டுட்டு ஓடிரு" என்று ஜெபமாலையைப் பார்த்துக் கத்தினார்.

"விட்டா கயிறில்லாமப் பாடுன மாதிரி ஆயிரும் சம்மாட்டி. கட்டு கட்டுத்தான்" என்றான் அவன், வாசித்துக்கொண்டே.

தெற்கு வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கரைவலை இழுப்பில் ஒரு முறை உண்டு. பின்னால் நடந்து நடந்து மேட்டுக்கு வந்த வால் ஆள், கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடித் திரும்ப முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். ஊரைவிட்டுப் போய் எத்தனை வருஷமானாலும் ஜெபமாலையின் காலுக்கு அது மறக்கவில்லை. மேட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கடலைப் பார்த்து ஓடினான். கிதாரில் வயர் இருப்பதைத்தான் மறந்துவிட்டான்.

வயர் விறைத்தது. பிடுங்கிக்கொண்டது. சத்தம் செத்தது.

இழுத்தவர்களின் பாட்டும் நின்றது. அலைச் சத்தம் மட்டும். வியாகுலம் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "அம்புட்டுத்தான். வாய மூடிக்கிட்டு வலைய இழுங்க."

ஜோதிமேரி வடக்கு வரிசையின் முன்பக்கம் கயிற்றைப் பிடித்திருந்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் பெரியய்யா மன்னித்துவிடுவார். அடுப்பு எரியும். பக்கத்தில் ஜெபமாலை ஊமைக் கிதாரோடு ஈரக் கயிற்றைப் பிடித்து நின்றான்.

அவள் குதிகாலை மணலில் ஓங்கி ஊன்றினாள். அதே தாளம். ரேடியோவில் கேட்ட அதே துள்ளல். எடுத்தாள் பாட்டை. அம்பாதான், ஆனால் ராக் அன் ரோல் வேகத்தில். வடக்கு வரிசை பிடித்துக்கொண்டது. தெற்கு வரிசை விட்டுக்கொடுக்குமா? இரண்டு கயிறும் போட்டி போட்டு ஏறின.

மீன் சேரும் வலைப்பையான மடி கரைக்கு வந்தது. வியாகுலமே முதலில் போய்க் கையைவிட்டுப் பார்த்தார். மீன் விலகிப் போயிருக்கவில்லை. கூடுதலாகவும் இல்லை. நேற்று வந்த அதே காரப்பொடி மீன், அதே சாளை, நடுவில் பிடிவாதமாக ஒரு நண்டு. அவர் மடியை இன்னொரு தடவை உதறினார்.

பிறகு நிமிர்ந்து, நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்றார்.

"வருவேன். கயிறு உங்களுது பெரியய்யா. அம்பா எங்களுது. ரெண்டுல ஒண்ணு இல்லாம வலை வராது."

யாரும் மீன் பங்குக்குக் குனியவில்லை. இரண்டு வரிசையும் நின்ற இடத்திலேயே நின்றன. வியாகுலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஓலைக்கூடையைக் காலால் தள்ளிவிட்டு, "என்னமும் பண்ணுங்க" என்று நடந்தார்.

அடுத்த மாதம் ரேடியோவில் கேட்டார்கள். சொந்த ஊரில் வாசித்தீர்களாமே?

"யாரு சொன்னா? நான் வாசிக்கல. பாதியில கரண்டு போச்சு. ஊருதான் வாசிச்சுச்சு."

பின்கட்டில் மலிகா வாயில் கைவைத்தாள். "அட, இந்த மனுசன் உண்மையும் சொல்லுவாரா?"

"பாதிதான் உண்மை. அவரும் இழுத்தாரு" என்றாள் ஜோதிமேரி. விடியற்காலை வலை இழுத்து உரிந்த கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.