பாலத்துக்கு அறுபத்தைந்து நிமிடம்

சிந்துஜாவுக்கு இருந்த ஆசை சின்னதுதான். மலேசியாவையும் சிங்கப்பூரையும் சேர்க்கும் இரண்டாம் இணைப்புப் பாலத்தை ஒரே ஒரு முறை தன் காலால் கடக்க வேண்டும். நான்கு வருடமாக, வாரத்துக்கு ஐந்து நாள், கெலாங் பாத்தாவிலிருந்து பேருந்தில் அந்தப் பாலத்தின் மேல் சிங்கப்பூருக்குப் போய் வருகிறாள். அங்கே தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. பாலத்தில் அவள் பார்த்ததெல்லாம் முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கம்தான். கீழே கடல் இருப்பதாகக் கேள்வி.

ஜூலை மாதம் ஒரு காலைப்பொழுது பாலத்தை மூடி, ஓட்டப் பந்தயம் நடத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. அவளும், பேருந்தில் பக்கத்து இருக்கையில் வரும் அல்ஃபியாவும் அன்றே முடிவு செய்துவிட்டார்கள். நிபந்தனை ஒன்று இருந்தது. பத்து கிலோமீட்டரை அறுபத்தைந்து நிமிடத்துக்குள் ஓடியதற்குச் சான்று வேண்டும். அல்ஃபியா மார்ச் மாதமே கூலாயில் ஓடி வாங்கிவிட்டாள். அதே ஓட்டத்தில் சிந்துஜாவுக்கு அறுபத்தாறு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இப்போது பதிவு முடிய ஒரே ஒரு ஞாயிறு பாக்கி. அன்று காலை உலு திராமில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். இதை விட்டால் வேறில்லை.

பயிற்சிக்குத் தனியாக நேரம் கிடைக்கவில்லை. ஆனால் ஓட்டத்துக்குக் குறைவில்லை. குடிநுழைவுச் சாவடியில் பேருந்துக் கதவு திறந்ததும் ஊரே ஓடும். படியேறி ஓடும், வரிசையில் நிற்கும், கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு மறுபக்கம் இறங்கி மறுபடி ஓடும். ஒரு நிமிடம் பிந்தினால் இருநூறு பேருக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதில் சிந்துஜா கெட்டிக்காரி. யாரிடமும் வாய் திறந்து வழி விடச் சொல்ல மாட்டாள். கிடைத்த இடுக்கில் புகுந்து முன்னால் போய்விடுவாள்.

“நாம தினமும் ட்ரெய்னிங்லதான் இருக்கோம். காசு குடுத்து ஜிம்முக்குப் போறவங்கதான் பாவம்லா,” என்பாள் அல்ஃபியா.

ஞாயிறு காலை ஆறரை. உலு திராம் திடலில், துணைக்கு ஓட வந்த அல்ஃபியா தலையை மூடிய மஞ்சள் துடோங் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சிந்துஜாவின் கையைப் பிடித்து, பேனாவால் 6:20 என்று எழுதினாள்.

“ஒரு கிலோமீட்டருக்கு இதான். மொத கிலோமீட்டரும் இதான், கடைசியும் இதான். புரியுதா?”

“புரியுது.”

புரிந்துதான் இருந்தது. ஆனால் கூட்டத்தைக் கண்டதும் சிந்துஜாவின் உடம்பு தானாக இடுக்குகளில் புகுந்தது. சங்கு ஊதியபோது அவள் முதல் வரிசையில், காலில் இறக்கை கட்டிய பையன்களுக்கு நடுவே நின்றிருந்தாள். பேருந்துக் கதவு திறந்தது போலவே ஓடினாள்.

முதல் கிலோமீட்டர், நான்கு நிமிடம் ஐம்பது விநாடி. கடிகாரத்தைப் பார்த்து அவளே பயந்துபோனாள். இரண்டாவதில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் விலா குத்தியது, ஓட்டம் நடையாகிவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் மருந்து ஒரு சொட்டு கூடிப்போனால் குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கலாம். இங்கே எதைக் கழுவுவது?

மூன்றாவது கிலோமீட்டர் முடியும் இடத்தில் தண்ணீர் மேசை தெரிந்தது. எதிரே ஒருவர் முதுகு காட்டி நின்றார். சிந்துஜா அவர் பின்னால் போய் நின்றாள். கை இடுப்புப் பையில் கடவுச்சீட்டைத் தேடியது.

சற்று நேரம் கழித்து அவர் திரும்பினார். சட்டையில் தங்கராஜு என்று பெயர் அச்சடித்திருந்தது.

“ஏம்மா என் பின்னாலயே நிக்கிறீங்க?”

“கியூ…”

“என்னா கியூ? எனக்குக் கால் பிடிச்சிக்கிச்சு லா. நீங்க போங்க.”

மேசையில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. எல்லோரும் ஓடிக்கொண்டே எடுத்துப் போனார்கள். சிந்துஜாவுக்குக் காது வரை சூடேறியது. அதே நேரம் மஞ்சள் துடோங் வந்து சேர்ந்தது.

“அலமாக். எந்த பஸ்ஸப் பிடிக்க அப்படி ஓடின?”

“போச்சுடி அல்ஃபியா.”

“என்ன போச்சு? கணக்குப் போடு. உனக்குத்தான் அது வருமே.”

போட்டாள். பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. மிச்சம் ஏழு கிலோமீட்டர், நாற்பத்தாறு நிமிடம். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று ஓடினால் அரை நிமிடம் மிஞ்சும்.

“ஆறரை,” என்றாள்.

“அப்ப ஆறரை. என் முதுகப் பாத்துட்டு வா. என்னை முந்தின, உதை வாங்குவ.”

அதன்பிறகு சொல்ல அதிகமில்லை. ஒரு மஞ்சள் துடோங், அதற்கு இரண்டடி பின்னால் சிந்துஜா. சீனக் கோயிலைத் தாண்டினார்கள். ரொட்டி சானாய் வாசனையைத் தாண்டினார்கள். அதுதான் கடினமாக இருந்தது. ஆறாவது கிலோமீட்டரில் விலாக் குத்து நின்றது. எட்டாவதில், பள்ளி வாசலில் ஆரஞ்சுத் துண்டு நீட்டிய பெண்களுக்கு அவள் நன்றி சொல்லக்கூடச் செய்தாள், சத்தமாக.

ஒன்பதாவது கிலோமீட்டரில் முன்னால் யாரோ வேகம் எடுத்தார்கள். தொற்றுநோய் போல எல்லோரும் எடுத்தார்கள். தோள்கள் உரசிக்கொண்டு போயின. சிந்துஜாவின் கால்கள் துடித்தன. இடதுபக்கம் நல்ல இடுக்கு ஒன்று திறந்தும் இருந்தது.

“போகட்டும்,” என்றாள் அவள், கால்களிடம். ஐம்பது பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச தூரத்தில் அவர்களில் முப்பது பேரை அவள் மெதுவாக, அதே ஆறரையில், தாண்டிப் போனாள்.

கோட்டைக் கடந்தபோது பெரிய கடிகாரம் அறுபத்து நான்கு நிமிடம் முப்பத்தேழு விநாடி காட்டியது.

நேரச் சான்று கைப்பேசிக்கு வந்ததும், சாலையோரத்தில் உட்கார்ந்து அங்கேயே பதிவுப் படிவத்தைத் திறந்தார்கள். சிந்துஜாவின் வியர்வை விரலைக் கைப்பேசி ஏற்கவில்லை. அல்ஃபியா வாங்கித் தட்டினாள். சான்று ஏறியது. பதிவு எண் வந்தது.

“ஜூலைல பாலத்துல எப்படி ஓடப் போற?”

“மெதுவா,” என்றாள் சிந்துஜா. “கடல் தெரியணும்ல.”