மாதிரியில் கிடைத்த மஞ்சள் கற்கள்

ஓட்டலின் கீழ்த்தள அறையில் ஏசி ஒரு மூலையில் மட்டும்தான் வேலை செய்தது. விவரம் தெரிந்தவர்கள் முன்னாலேயே வந்து அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். வைரம் தேடும் கம்பெனியில் பங்கு வாங்கிய இவர்கள் இன்று கை தூக்கி முடிவு சொல்ல வேண்டும்: உடனே சுரங்கம் வெட்டுவதா, இன்னும் துளை போட்டுப் பார்ப்பதா.

மேடையில் இயக்குநருக்குப் பக்கத்தில் கம்பெனியின் நிலவியல் நிபுணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கீழே முதல் வரிசையில் இருந்த அவன் அக்காவுக்கு அவன் 'கல்லு'. சிறு வயதில் கால்சட்டைப் பையெல்லாம் கூழாங்கல்லாக அடைத்து வருவான். துவைக்கும்போது அவள் திட்டிக்கொண்டே வைத்த பெயர். அம்மா இல்லாத வீட்டில் தையல் மெஷினை மிதித்து அவனைப் படிக்கவைத்தவள் அவள்தான்.

துளை போட்டு எடுத்த பாறை மாதிரியில் பொடிப்பொடியாக மஞ்சள் கற்கள் கிடைத்தன. ஆய்வகம் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அவன் தொழிலின் பாலபாடம். இந்தப் பெரிய படிப்பாளி அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டுக் குதித்தான். அவள் தையல் கடையை அடமானம் வைத்து இன்னும் பங்கு வாங்கினாள். இன்று காலை ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. அவை மண்ணில் விளைந்த வைரமே அல்ல. பாறையைக் குடைய டிரில் முனையில் பதிக்கும் தொழிற்சாலை வைரம், தேய்ந்து உதிர்ந்து மாதிரியில் கலந்திருக்கிறது. இயக்குநரிடம் ஓடினான். "கூட்டம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்றார் அவர். இவனும் சரியென்று தலையாட்டிவிட்டான்.

பின்வரிசையில் ஒரு பல் டாக்டர் எழுந்தார்.

"நான் பல்லைத் தேய்க்கிற முனையிலயே வைரத்தூள் இருக்குங்க. உங்க டிரில்லுல இருக்காதா? அதுவே உதிர்ந்து கலந்திருந்தா?"

கல்லு இயக்குநரைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"டாக்டர், நீங்க சொத்தைப் பல்லைப் பாருங்க, பாறையை என் தம்பி பார்ப்பான். கல்லோடயே வளர்ந்தவன் அவன். அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது?"

அறையே சிரித்தது. இயக்குநர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். டாக்டரின் முகம் சிறுத்துப்போனது. மேடையைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, தெரியாமக் கேட்டுட்டேன்," என்றார்.

கல்லு, பரவாயில்லை என்று கையசைத்தான். அசைத்த கையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டவர் மன்னிப்புக் கேட்கிறார், மறைத்தவன் பெரிய மனுஷனாக மன்னிக்கிறான். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா?

"சுரங்கம் வெட்டலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் இயக்குநர்.

முதலில் உயர்ந்தது அக்காவின் கை. அவனைப் பார்த்துச் சிரித்தபடியே தூக்கினாள். கல்லு மைக்கைப் பிடுங்கினான்.

"கையை இறக்குங்க. டாக்டர் சொன்னதுதான் சரி. அது டிரில் முனையில இருந்த வைரம். காலையிலயே எனக்குத் தெரியும்."

ஆளாளுக்குக் கத்தினார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. இயக்குநர் தண்ணீர் கேட்டார். கல்லு அக்காவை மட்டுமே பார்த்தான். திட்டுவாள், அழுவாள், மேடையேறி நாலு அறை விடுவாள் என்று காத்திருந்தான். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்று இருந்தது.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தாள். பல் டாக்டர் எதிரே நின்று கைகூப்பினாள்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். மறைச்சவன் நான் வளர்த்த புள்ளைதான்."