திரும்பி வராத வரி

அம்சவள்ளி அந்த வீட்டுக்குத் தலையாட்டியதே வரியை நினைத்துத்தான். பதினாறு வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறியவள். காலையெல்லாம் மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருவாள். சாயங்காலம், உப்புத் தண்ணீர் அரித்த காலோடு, தனக்கோடியையும் கூட்டிக்கொண்டு, சொந்தமாக வாங்க வீடு பார்க்கப் போவாள். தனக்கோடி அவள் புருஷன், உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். அவனுக்கு ஊருக்குள்ளே வேறொரு வீடு பிடித்திருந்தது. விலையும் குறைவு, பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறும் இருந்தது.

ஆனால் மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்ற தட்சணாமூர்த்தி தன் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“இந்த வீட்டுக்கு வரி ஒரு செலவே கிடையாதும்மா. கட்டுன காசு அப்படியே பேங்குல திரும்ப வந்துடும். எனக்கு வந்துனுதான் இருக்குது.”

தனக்கோடி முப்பதாயிரம் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் இறங்கி வரவில்லை. அம்சவள்ளிதான் புருஷன் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். வாடகைக்கு ஒரு ஆள், கரண்டுக்கு ஒரு ஆள், குழுக் கடனுக்கு ஒரு ஆள் என்று மாசம் பிறந்தால் யாராவது வாசலில் வந்து நிற்பதே அவளுக்குப் பழக்கம். ஒரு ஆளாவது குறையட்டும் என்று தோன்றியது.

“தண்ணிக்கு போர் போடலாம்னு வச்சிருந்த காசு அந்த முப்பதாயிரம்,” என்றான் தனக்கோடி, திரும்பி வரும் வழியில்.

“வரி மிச்சமாவுதில்ல. வருஷா வருஷம் மிச்சம்தான,” என்றாள் அவள்.

மாசி மாதம் பத்திரம் பதிந்தார்கள். பேரூராட்சியில் வரி அவள் பெயருக்கு மாறியது. சித்திரையில் முதல் அரையாண்டுக்கு எழுநூற்றுச் சொச்சம் கட்டிவிட்டு, ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்தாள். வைகாசி போனது, ஆனியும் பாதி போனது. பேங்க் புத்தகத்தில் எதுவும் ஏறவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

வரிப் பிரிவில் ஜான்சி என்ற பெண் இருந்தாள். அவளுக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருக்க வேண்டும். எழுந்து நின்றபடியே ரசீதை வாங்கிப் பார்த்தாள்.

“எல்லாம் சரியாதான்கா இருக்குது. இன்னா வேணும்?”

“கட்டுன காசு எப்பம்மா திரும்ப வரும்?”

ஜான்சிக்கு முதலில் புரியவில்லை. அம்சவள்ளி பழைய வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொன்னாள். ஜான்சி மெதுவாக உட்கார்ந்தாள்.

“உங்க வீட்ல யாராவது மிலிட்டரில இருந்தாங்களா அக்கா?”

“நாங்க அளத்துலதான் இருந்தோம்.”

“அது பட்டாளத்துல இருந்தவங்களுக்குக் குடுக்குற சலுகை. ஆளுக்குத்தான்கா, வீட்டுக்கு இல்ல. அவர் வித்துட்டுப் போனதும் சலுகையும் அவரோட போயிடுச்சு. உங்களுக்கு எல்லாரையும் போலத்தான்.”

அம்சவள்ளி ரசீதை மறுபடி உறைக்குள் போட்டாள். அது சுலபமாக நுழையவில்லை. மூன்று தடவை மடித்து மடித்து நுழைத்தாள்.

தனக்கோடி கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. “முப்பதாயிரம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனான். கத்தியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி பஸ் ஏறினாள். தட்சணாமூர்த்தி அங்கே மகள் வீட்டில் இருந்தார். முப்பதாயிரத்தில் பாதியாவது கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டே போனாள். மூன்றாவது மாடி. படியேறியதில் பாதி வார்த்தை மறந்துபோனது. அவருக்கு ஹாலில் ஒரு மூலைதான். கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி, கட்டில் மேல் பேத்தியின் துணிமணிகள். அவற்றை ஒதுக்கி அவளுக்கு இடம் செய்தார்.

“வரி திரும்ப வராதாம் சார். அது உங்களுக்குத்தானாம்.”

அவர் பேத்தியின் துணி ஒன்றை மடித்து ஓரமாக வைத்தார். “எனக்கு வந்துச்சு, அதனால சொன்னேன். உங்களுக்கு வருமான்னு நான் யோசிக்கவே இல்லம்மா.”

“அத நம்பித்தான் சார் பேரத்த நிறுத்துனேன். பாதியாவது குடுங்க.”

உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நீ கேக்குறது நியாயம்தாம்மா. வித்த காசு முழுசா இந்த வீட்டுல போட்டாச்சு. பத்திரம் பொண்ணு பேர்ல. அதனால எனக்கும் இப்ப அந்தச் சலுகை கிடையாது. பென்ஷன்ல மாசம் ஆயிரம் அனுப்புறேன். இவங்களுக்குத் தெரிய வேணாம்.”

ஆடியில் ஆயிரம் வந்தது. ஆவணியிலும் வந்தது. புரட்டாசியில் வரவில்லை. தனக்கோடி போன் பண்ணச் சொன்னான். அவள் அவருடைய நம்பரை எடுத்தாள். மகள் எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டு, போனைக் கீழே வைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகளில் வெள்ளம் நின்று அளத்தை மூடினார்கள். இனிமேல் தை கழித்துத்தான் வேலை. அந்த வாரமே ஜான்சியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, இது உங்களுக்கும் உண்டு. ரெண்டாவது அரையாண்டு வரிய இந்த மாசத்துக்குள்ள கட்டிட்டீங்கன்னா அஞ்சு பர்சன்ட் தள்ளுபடி. உங்க ஞாபகம் வந்துச்சு, அதான் கூப்ட்டேன்.”

அம்சவள்ளி மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். முப்பத்தைந்து ரூபாய் சொச்சம் மிச்சமாகும். அதற்கு எழுநூறு ரூபாய் கையில் வேண்டும். அரிசிப் பானையில் நாலு நாளைக்கு அரிசி இருந்தது.

“சலுகை குடுக்குறப்ப கையில காசு இருக்க மாட்டேங்குதேம்மா. அளம் திறக்கட்டும், வந்து கட்டுறேன்.”

“அப்ப தள்ளுபடி கிடைக்காதுக்கா.”

“தெரியுது. நீ சொன்னியே, அதுவே போதும்.”

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். எதிர்வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், தன் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளுக்கு ஒரு கை கொடுக்கத் தண்ணீரில் இறங்கினாள்.