சத்தமில்லாத பில்

தள்ளுபடிக் கூப்பனோடு யாராவது வந்தால் மேனேஜரைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும் என்பது அந்தக் கடையில் எழுதாத சட்டம். "சார், கூப்பன்!" என்று கல்லாவில் இருக்கும் பெண் குரல் கொடுத்ததும் வரிசையே திரும்பிப் பார்க்கும். பாதிப் பேர் கூச்சப்பட்டு, "விடும்மா, வேண்டாம்" என்று முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைக்கு வேண்டியதும் அதுதான்.

அன்று சோப்புத்தூளோடு கூப்பனை நீட்டியது அவளுடைய சொந்த அண்ணி. மேனேஜரைக் கூப்பிடாமலேயே விலையைக் குறைத்து பில் போட்டாள்.

மேனேஜர் விடுவிடுவென்று வந்தார். "ஏம்மா என்னைக் கூப்பிடல?"

"எங்க அண்ணி சார்."

"சொந்தக்காரங்கன்னா சரி, போகட்டும்."

அண்ணி போன பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. இத்தனை நாள் தன் குரலுக்குத் தலைகுனிந்தவர்களும் யாரோ ஒருத்திக்குச் சொந்தம்தானே?

அடுத்து நின்ற பெரியவர் கூப்பனை உள்ளங்கையில் பாதி மறைத்தபடி நீட்டினார். "குடுங்கய்யா" என்று மெதுவாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மேனேஜர் இன்னும் நகரவில்லை. "இவரும் சொந்தமா?"

"இல்ல சார். ஆனா கூப்பன் நம்ம கடை குடுத்ததுதானே?"

வரிசை மொத்தமும் இப்போது மேனேஜரைப் பார்த்தது. அவர் தலைகுனிந்தபடி உள்ளே போனார்.