சக்கரை கம்மி

தையல்காரரின் மனைவி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொண்டதுதான். முதலில் வாய் திறக்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சண்டை வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து பேசியது அவர்தான். இந்தத் தடவை அந்த மனுஷனும் வீம்பு பிடித்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு கர்ட்டனால் வந்த வினை. தையல் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வாசலுக்கு என்று அவள் ஆசை ஆசையாகத் துணி எடுத்து, தரையைத் தொடுகிற மாதிரி தைத்து மாட்டியிருந்தாள். யாரோ ஒருவருடைய கோட்டுக்கு உள்துணி பற்றவில்லையாம். இவர் சத்தம் போடாமல் கர்ட்டனின் கீழ்ப்பக்கத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார். கேட்டதற்கு, "காத்து வரட்டுமேன்னுதான்" என்றார். காத்தாம், காத்து! அன்றோடு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. அதன்பிறகு எல்லாமே மருமகள் வழியாகத்தான். "உங்க மாமாகிட்ட சொல்லு", "உங்க அத்தைகிட்ட சொல்லு" என்று இரண்டு பக்கமும் ஏவி ஏவி அந்தப் பெண்ணைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள்.

அன்று காலை, பேன்ட் வாங்க வந்தவர் போட்ட சத்தத்தில்தான் அவள் கொல்லைப்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். தையல்காரர் மெஷின் மேல் சாய்ந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, வலது கை துவண்டு தொங்கியது. என்னவோ சொல்ல வந்தார், ஆனால் வார்த்தை வரவில்லை. நல்லவேளையாக வந்தவரிடம் வண்டி இருந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள்.

அது சின்ன ஊர் ஆஸ்பத்திரி. பிரசவம் பார்ப்பார்கள், எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவார்கள். மூளை நரம்புக்கென்று டாக்டர் கிடையாது, அதற்கு அரை நாள் பயணம் போகவேண்டும். இளவயது டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, சர்க்கரை அளவு பார்த்து, அவசரமாகத் தலையை ஸ்கேன் எடுக்கவைத்தார். அடுத்து நர்ஸ், சக்கரம் வைத்த ஒரு ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதன் உச்சியில் ஒரு டிவி.

தையல்காரர் மனைவிக்கு வந்ததே கோபம். "டாக்டரக் கூப்பிடுங்கன்னா டிவியத் தள்ளிட்டு வர்றியேம்மா! படமா பாக்க வந்திருக்கோம்?"

"டாக்டர் இதுலதாம்மா வருவாங்க," என்றாள் நர்ஸ்.

சொன்ன மாதிரியே டிவியில் ஒரு பெண் வந்தாள். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. "வணக்கம்மா. நான் நரம்பு டாக்டர். ஸ்கேன் பாத்துட்டேன், இப்ப அவரப் பாக்கணும்," என்றாள். டிவிக்கு மேலிருந்த கேமரா தானாகவே கழுத்தைத் திருப்பித் தையல்காரரைப் பார்த்தது. கையைத் தூக்கச் சொன்னாள், வலது கை விழுந்தது. நர்ஸ் ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். அவர் உதடு துடித்ததே தவிரப் பேர் வரவில்லை. சண்டையில் ஊர் வாயையே அடைக்கிற மனுஷன்!

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு," என்றாள் டாக்டர். "அதக் கரைக்கிற ஊசி அங்கயே இருக்கு. ஆனா ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ள போடணும். கடைசியா இவர்கூட யார் பேசினீங்க?"

வேலை செய்யுமிடத்திலிருந்து ஓடிவந்திருந்த மருமகள் சொன்னாள்: "நேத்து ராத்திரி சாப்பிடறப்ப நான் பேசினேன் டாக்டர். காலைல சீக்கிரமே கிளம்பிட்டேன்."

"அம்மா, நீங்க?"

"நான் பேசறதில்ல," என்றாள் அவள். எதிரே மருமகள் நிற்கிறாளே என்ற வெட்கத்தோடு, வாயில் பழகிப்போன வீம்பும் சேர்ந்துகொண்டது. "அவர் மூஞ்சியக்கூட நான் பாக்கறதில்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "அப்ப ராத்திரியே வந்திருந்தாலும் நமக்குத் தெரியாதும்மா. இவ்வளவு நேரம் கழிச்சு ஊசி போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். போட முடியாது. இங்க அனுப்பி வைங்க. ஆனா வந்து சேர்றதுக்குள்ள அந்தக் கைக்கும் பேச்சுக்கும் நான் உறுதி சொல்ல முடியாது."

அந்தக் கைக்கும் பேச்சுக்கும். மனுஷனிடம் இருந்ததே அந்த இரண்டுதான்.

"பாத்தேன்!" என்று அவள் கத்தினாள். "டாக்டரம்மா, நான் பாத்தேன்! காலைல பாத்தேன்!"

"அத்தை?" என்றாள் மருமகள்.

மானம் கப்பலேறினால் ஏறட்டும். "டீ போட்டு வாசப்படில வச்சேன். இவ போட்டு வச்சிட்டுப் போனான்னு நினைச்சுக்கட்டும்னு. அப்புறம் குடிக்கிறாரான்னு கர்ட்டனுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன்."

"எப்ப?"

"ரேடியோல ஒன்பது மணிச் செய்தி ஆரம்பிச்சுது."

"டம்ளர எந்தக் கையால எடுத்தாரு?"

"வலது கையாலதான். இடது கைல துணி இருந்துச்சு."

"எதாவது சொன்னாரா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆளே இல்லாத கடைல 'சக்கரை கம்மி'ன்னாரு."

"தெளிவாவா? நாக்கு குழறாம?"

"குத்தம் சொல்றப்ப அவருக்கு என்னைக்கு நாக்கு குழறியிருக்கு டாக்டரம்மா? தெருவுக்கே கேட்டிருக்கும்!"

டாக்டர் சிரித்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நேரம் இருக்கு. இதுலயும் ஆபத்து உண்டு, எல்லாருக்கும் பலிக்கும்னும் சொல்ல மாட்டேன். போடலாமா?"

"போடுங்க தாயே," என்றாள் அவள்.

ஊசி ஏறியது. டிவியை அணைத்துவிடுவார்கள் என்று நினைத்தாள், அணைக்கவில்லை. டாக்டர் அங்கேயே உட்கார்ந்து, அடிக்கொரு தரம் "கையத் தூக்குங்க ஐயா" என்றாள். இளவயது டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். அந்த டிவியை வாய்க்கு வந்தபடி பேசியதற்கு அதனிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலது கையின் விரல்கள் அசைந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் கை படுக்கையை விட்டு எழும்பியது, நடுங்கியது, ஆனால் விழவில்லை. நர்ஸ் பஞ்சு வெட்டுகிற கத்தரியை எடுத்துக் காட்டினாள். "ஐயா, இது என்ன?"

"கத்... கத்தரி," என்றார் தையல்காரர். அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "மொட்டை," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அறையே சிரித்தது. டிவிக்குள்ளிருந்த டாக்டர் கைதட்டினாள். மருமகள் சிரித்துக்கொண்டே அழுதாள். தையல்காரர் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். யார் பார்த்தால் என்ன?

அவர் தலையைத் திருப்பினார். "டீ..."

"தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாம்ங்க இப்ப, விழுங்க வருதான்னு பாக்கணுமாம்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது உறைத்தது. போனால் போகிறது.

அவர் இல்லை என்பது போலத் தலையசைத்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "காலைல... டீ... நீதான்."

"யாரு சொன்னா?"

"உன் கால்... தெரிஞ்சுது. கர்ட்டன்... குட்டை."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாளோ அதையே மறந்து, அந்த அரைக் கர்ட்டனுக்குப் பின்னால்தான் ஒளிந்து நின்றிருக்கிறாள்! அந்தச் 'சக்கரை கம்மி' ஆளில்லாத கடைக்குச் சொன்னது இல்லை, அவளுக்குச் சொன்னது. இந்தத் தடவையும் முதலில் வாய் திறந்தது அவர்தான். அதனால்தான் இன்று கட்டிலில் கண் விழித்துக் கிடக்கிறார்.

"நாளைக்கு ரெண்டு ஸ்பூன் சேத்துப் போடறேன்," என்று அவருடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கை மெல்ல அழுத்தியது.