இடது சக்கரத்துப் பூட்டு

பட்டறையில் சர்வேயரின் ஜீப் வண்டி, முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்டாண்டின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ. காலையில் அவன் காதில் விழுந்த சேதி மதியத்துக்குள் கடைசித் தெரு வரை போய்விடும். கைவேலை சுத்தம். வாய்தான் நிற்காது.

சர்வேயர் ஓய்வு பெற்று வெகு காலமாகியும் அவரை யாரும் வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க. ஊரே ஆட்டோமேட்டிக்குக்குப் போகுது. நீங்க அதைக் கழட்டிட்டு, கையால திருப்புற பழைய பூட்டு கேக்கறீங்க."

"கழட்டுன்னுதான் சொன்னேன். கருத்து கேக்கல."

"சரி, சரி." ரேடியோ சிரித்துக்கொண்டே குனிந்தான்.

நல்ல சாலையில் வண்டியைப் பின் சக்கரங்களே இழுத்துப் போய்விடும். சேற்று ஏற்றத்தில்தான் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்கு, சக்கரத்தின் நடுவிலுள்ள பூட்டு விழ வேண்டும். இந்த வண்டியில் உள்ளே இருந்தபடி லீவரை இழுத்தால் அது தானாக விழும். பழைய வண்டியில் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய், முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ள குமிழைக் கையால் திருப்பிவிட்டு வந்துதான் லீவரை இழுக்க வேண்டியிருந்தது.

ரேடியோ மூடியைக் கழற்றி, வளையத்தை இடுக்கியால் விரித்து எடுத்து, உள்ளேயிருந்த பாகத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். பற்கள் மழுங்கியிருந்தன.

"அன்னைக்கு ஏத்தத்துல காலை வாரினது இதுதான் சார். வண்டி முன்னால போற வரைக்கும் பிடிச்சுக்கும். ஒரு முழம் பின்னால உருண்டுச்சுன்னா விட்டுடும். அம்மா அன்னைக்கே சொன்னாங்க இல்ல?"

சர்வேயர் அந்தப் பாகத்தைப் பார்த்தார்.

"அம்மா எப்ப வராங்க?"

"பேரனுக்குப் பரீட்சை. முடிஞ்சதும் வருவா."

"போன மாசமும் பரீட்சைன்னீங்க. ஒண்ணாம் கிளாஸ்ல அவ்வளவு பரீட்சையா சார்?"

"நட்டைப் பாத்து முடுக்கு."

அவருடைய வீடு ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. அதற்கு மேல் வீடு கிடையாது. மழை பெய்தால் பாதை களியாகிவிடும். பழைய வண்டி இருந்த காலத்தில் ஏற்றத்தின் அடியில் நிறுத்துவார். வலது சக்கரத்தை அவர் திருப்புவார், இடது சக்கரத்தை அவர் மனைவி. யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. அவரவர் கதவைத் திறந்து இறங்கினால் எதிரே இருப்பது அவரவர் சக்கரம், அவ்வளவுதான். அவர் முதலில் ஏறிக்கொண்டு, கையை நீட்டி இடது கதவை உள்ளிருந்து தள்ளித் திறப்பார். சேற்றுக் கையோடு அவள் ஏறி உட்கார்ந்து, "ம், போலாம்" என்பாள். அந்த 'போலாம்' வராமல் வண்டி நகர்ந்ததில்லை.

ஒரு விசேஷ வீட்டில், நாலு பேர் கூடியிருந்த இடத்தில், அவருடைய மைத்துனர் சிரித்தபடி சொன்னார்: "மகன் இவ்வளவு நல்லா இருக்கான். மச்சான் என்னடான்னா எங்க அக்காவைச் சேத்துல குந்த வெச்சுச் சக்கரம் திருப்பச் சொல்றார்."

அது அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. தன் வீட்டுப் பெண் சேற்றில் குந்துவதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே தலையைக் குனிய வைத்தது. பழைய வண்டியைத் தள்ளிவிட்டு இதை வாங்கினார். அவளைக் கேட்கவில்லை. அவளுக்குச் செய்யும் மரியாதைக்கு அவளிடமே அனுமதி கேட்பார்களா என்ன? புது வண்டி வந்த அன்று அவள் சுற்றிவந்து, இடது முன் சக்கரத்தின் எதிரே நின்றாள். நடுவில் குமிழ் இல்லை, வழவழவென்று ஒரு மூடி. "ஓ" என்றாள். அதைச் சந்தோஷம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு அந்த மழை நாள். பாதி ஏற்றத்தில் வண்டி சறுக்கிப் பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. இழுத்துவிட ரேடியோவும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். அவள் இறங்கி, "முன் சக்கரம் பிடிக்கவே இல்லைங்க. பூட்டு விட்டுடுச்சு" என்றாள். அவமானத்தில் இருந்தவருக்கு அது அறிவுரையாகக் கேட்டது.

"வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்? வாயை மூடிட்டு ஓரமா நில்லு."

அவள் ஓரமாக நின்றாள். வண்டி மேலே ஏறியபோது அதில் ஏறவில்லை, நடந்தே வந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே, முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க வந்ததாகச் சொன்னாளாம். இங்கே அவர் பேரனின் பரீட்சையைச் சொன்னார். இரண்டு பேருமே குடும்பத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வீட்டில் கதவுக்கு உள்ளே நடந்த எதுவும் வெளியே போனதில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவர் கதவுக்கு வெளியே அல்லவா சொல்லியிருந்தார்.

அதன்பின் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாரத்துக்கொரு போன். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "இருங்க, குழந்தைகிட்ட குடுக்கறேன்." குழந்தை எதையோ சொல்லும். அவர் 'ம்' கொட்டுவார். போனை வைத்த பிறகு சுவர்க் கடிகாரத்தின் சத்தம் பெரிதாகக் கேட்கும்.

ரேடியோ பழைய கிரீஸைத் துடைத்து எடுத்து, பேரிங்கில் புதியதை அடைத்து, புதுப் பூட்டுக்கு ஏற்ற வேறு நட்டைப் போட்டான். சக்கரத்தை மாட்டி, அது ஆடாமலும் இறுகாமலும் சுழலும்வரை நட்டை முடுக்கித் தளர்த்திப் பார்த்தான். ரப்பர் வளையம் வைத்து மூடியை முடுக்கினான். இப்போது சக்கரத்தின் நடுவில் குமிழ் இருந்தது. திருப்பிக் காட்டினான். 'டக்' என்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. சர்வேயர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு அதுதான்.

ஏற்றத்தின் அடிக்கு வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு தூறியது. நிறுத்தினார். இறங்கினார். வலது சக்கரத்தின் குமிழைத் திருப்பினார். 'டக்'. ஏறினார். கையை நீட்டி இடது கதவைத் தள்ளித் திறந்தார்.

திறந்த கதவு வழியாகத் தூறல் உள்ளே விழுந்தது. இருக்கை நனைந்தது. சற்று நேரம் அதைப் பார்த்தபடி இருந்துவிட்டு, உடம்பை வளைத்து எட்டிக் கதவைச் சாத்தினார்.

லீவரை இழுத்துக் கிளப்பினார். பாதி ஏற்றத்தில், அதே இடத்தில், பின் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. முன் சக்கரங்கள் ஒரு உதவியும் செய்யவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து, அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டு அடிக்கு வந்தார். கோபம் தலைக்கேறியது. போனை எடுத்தார்.

"என்னடா வேலை செஞ்சே? வண்டி ஏறவே இல்ல."

"அப்படி ஆகாதே சார். ரெண்டு பக்கமும் திருப்பினீங்களா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றபடி இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். இடது குமிழ் திருப்பாமலே இருந்தது. ஒரு பக்கம் திறந்திருந்தால் இழுவையெல்லாம் அந்தப் பக்கமே வீணாகப் போய்விடும். அவருக்குத் தெரியாததல்ல. அந்தப் பக்கத்தை அவர் ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை என்பதுதான் இப்போது தெரிந்தது.

"சார்? என்ன சார் ஆச்சு?"

"சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டார்.

சேற்றில், இடது சக்கரத்தின் பக்கத்தில் நின்றபடி மனைவிக்குப் போன் போட்டார். வாரக் கணக்கில் இது போன் பேசும் நாள் இல்லை.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. வண்டியில பூட்டு மாத்திட்டேன். கையால திருப்புறது."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏத்தத்துக்கு அடியில நிக்கறேன்."

"ஏறலையா?"

"இல்ல."

"என் பக்கத்தை விட்டுட்டீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு அவள் சிரிப்பது கேட்டது, அவசரமாக அடக்கிக்கொண்டதும் கேட்டது.

"அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. ரேடியோ கழட்டிக் காட்டினான்."

"இதை என் காதுல மட்டும் சொல்றீங்க. அன்னைக்கு வாயை மூடுன்னதை நாலு பேர் முன்னாடி சொன்னீங்க."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"அதைப் போய் என்கிட்ட கேக்கலாமா? எனக்கென்ன தெரியும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மழை பெருசாகும். ஏறிப் போங்க" என்று வைத்துவிட்டாள்.

அவர் வெகு நேரம் நனைந்தார். அப்பா பெயர், தாத்தா பெயர், கதவுக்கு உள்ளேயே வைத்துக் காத்ததெல்லாம் நினைவுக்கு வந்தன. பிறகு நிமிர்ந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் ரேடியோவைக் கூப்பிட்டார்.

"சார், சிக்னல் வந்துடுச்சா?"

"சிக்னல் நல்லாத்தான் இருந்தது. இடது பக்கத்தைத் திருப்ப மறந்துட்டேன். அது எங்க வீட்டம்மா பக்கம். அவ எனக்கு மேல தெரிஞ்சவ. அன்னைக்கு உங்க முன்னாடி நான் பேசினது பிசகு. பேரனுக்குப் பரீட்சை ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவன் பேச்சற்றுப்போய் அவர் கேட்டதில்லை.

"சார்... இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

"சொல்லு" என்றார் சர்வேயர். "அந்த மூணு பேருக்கும் முதல்ல சொல்லு."

குனிந்து இடது குமிழைத் திருப்பினார். பழக்கமில்லாத கை, முதல் தடவை வழுக்கியது. அடுத்த தடவை 'டக்' என்று விழுந்தது. சேற்றுக் கையோடு சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் மழைத் தண்ணீர் சிறு குளமாகத் தேங்கியிருந்தது. கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்து வைத்தார்.

"போலாம்" என்று தானே சொல்லிக்கொண்டார். நாலு சக்கரமும் மண்ணைப் பற்றின. வண்டி ஏறியது.