பூட்டினால்தான் தெரியும் படம்

1
லண்டனின் வால்தம்ஸ்டோவில் பஸ்ஸுக்கு நின்றபோது கிடைத்த கதை இது. எதிர்க்கடை ஷட்டரில் யாரோ கண்டபடி கிறுக்கியிருந்தார்கள். அங்கே நல்ல ஓவியம் ஒன்று இருந்தால்? கடை பூட்டினால்தானே அதைப் பார்க்கலாம்? நம் ஆட்களின் கடை என்றால் எப்போது பூட்டுவார்கள்? யோசித்ததில் பஸ் போய்விட்டது.

2
"லியோன் நகரில் பிறந்த ஓவியர் சொலாஞ்ச், சிறுவயது முதலே—"

வேண்டாம். கண்காட்சிக் கையேடு மாதிரி இருக்கிறது.

மறுபடி. 1991. சொலாஞ்ச் (நான் உருவாக்கியவள், பிரான்சில் தேடாதீர்கள்) பாரிஸில் நாடகத் திரைகளுக்கு வண்ணம் பூசியவள். லண்டனில் ஒரு காட்சிக்கூடமும் அவளுக்குச் சுவர் தரவில்லை. அவள் அறைக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த தில்லையம்பலம் ஷட்டரைத் தந்தார். ஜூன் மாத விடியல்களில், கடை திறக்குமுன், கடையின் உட்புறத்தையே அதில் வரைந்தாள்: முருங்கைக்காய், அரிசி மூட்டை, கல்லாவில் அவர்.

[யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. விடிந்ததும் திறந்தால் ஊர் உறங்கிய பிறகுதான் பூட்டுவார், கிறிஸ்மஸ் அன்றும்.]

தில்லையம்பலத்தை முதலில் சாதுவாக எழுதினேன். சாதுவான கடைக்காரர் எப்படி லண்டனில் கடை நடத்துவார்? சரி, விடுங்கள்.

3
காட்சிக்கூடம் நடத்தும் ஒரு பெண் செவ்வாய் பின்னேரம் படம் பார்க்க வருகிறாள். பிடித்தால் தனிக் கண்காட்சி. பிடிக்காவிட்டால் சொலாஞ்ச் மூட்டை கட்டிக்கொண்டு பிறந்த ஊரான லியோனுக்கே திரும்ப வேண்டியதுதான்.

"அண்ணை, கொஞ்ச நேரம் பூட்டுங்கோ. பிளீஸ்." (கடையில் பொறுக்கிய தமிழ்.)

"பகலிலை பூட்டினா ஆரோ செத்துப்போட்டினமெண்டெல்லோ சனம் நினைக்கும், பிள்ளை! அதோடை, படத்திலை என்ரை வயிறு பெரிசு."

"கடையிலும் பெரிசு, அண்ணை."

சிரித்துக்கொண்டே பூட்டினார்.

4
கறிவேப்பிலை வாங்க வந்த பாமா, பகலில் பூட்டிய ஷட்டரில் அவர் படத்தைக் கண்டாள். டெலிபோன் பெட்டிக்கு ஓடினாள். (அவ்வளவு கெதியில் எப்படிச் சனம் கூடியது என்று கேட்காதீர்கள். இழவுச் செய்தி.)

"ஐயோ, அப்பிடியே இருக்கிறார் மனுசன்!"

"நேற்றும் எனக்கு வாடின கத்தரிக்காயைத் தந்தவர்."

"அதுக்கிடையிலை ஆர் இந்தப் படத்தைக் கீறினது?"

காட்சிக்கூடப் பெண் வந்தாள். கைகட்டி, கண் கலங்கி நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள். எந்த ஓவியத்தின் முன்னும் அவள் இப்படி ஒரு சனத்தைக் கண்டதில்லை. பாமாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "இந்த ஓவியம் உங்களை ஏன் அழவைக்கிறது?"

அதே நேரம் சந்துப் பக்கமாகத் தில்லையம்பலத்தின் தலை தெரிந்தது. உயிரோடு. பாமா கண்டுவிட்டாள். எதிரே சொலாஞ்ச், சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டபடி.

5
முடிவு அ: பாமா உண்மையைச் சொல்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், ஒருத்தியைத் தவிர.

முடிவு ஆ: "அருமையான படம்" என்கிறாள், சொலாஞ்சுக்குக் கண்காட்சி, வாழ்நாள் முழுக்க ஒரு சந்தேகம்.

இரண்டையும் அடித்துவிட்டேன். சொலாஞ்சைத் திருப்பி அனுப்ப மனமில்லை. பாமாவைப் பொய் சொல்ல வைக்கவும் மனமில்லை.

அந்தக் கூட்டத்தில் நீங்களும்தான் நிற்கிறீர்கள். பாமாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. கன்னத்தில் கண்ணீர், வாயில் அடக்கிய சிரிப்பு. உங்கள் பக்கம் திரும்புகிறாள்:

"இவவுக்கு நான் என்னத்தைச் சொல்ல? கெதியாச் சொல்லுங்கோ, மனுசன் ஷட்டரைத் தூக்க வாறார்!"